முப்பத்திரண்டு இஞ்சு இடுப்பு

எனக்கு ஒரு நோய் இருக்கு. டாக்டர் அதோட பேரைச் சொன்னா நீளமா, மரியாதையா இருக்கும். தெருவில ரெண்டே எழுத்துல முடிச்சிடுவாங்க. நான் ரெண்டையும் காதுல போட்டுக்கிறதில்ல. எனக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்க ஒரு மாத்திரை இருக்கு.

மாத்திரை வேலை செய்யுது. இதை முதல்லயே சொல்லிடணும், இல்லேன்னா நான் நன்றி கெட்டவன். அது வர்றதுக்கு முன்னாடி என் தலைக்குள்ள ஒரு சந்தைக் கூட்டமே குடியிருந்துச்சு. இப்ப அமைதி. ஆனா ஆண்டவன் அமைதியைச் சும்மா குடுப்பானா? கூடவே நாலு தொல்லையையும் சேத்துத்தான் அனுப்பினான்.

ஒண்ணு தூக்கம். காலையில என்னை எழுப்புறதுன்னா கிணத்துல விழுந்த குடத்தை எடுக்கிற வேலை. அக்கா வந்து கூப்பிடுவா, உலுக்குவா, ஜன்னலைத் திறப்பா, கடைசியில மாமாவை அனுப்புவா. மாமா வந்து என் பக்கத்துல உக்காந்து, தானும் கொஞ்சம் கண் அசந்துட்டுப் போவார். அப்புறம் எச்சில். தூக்கத்துல வாய் ஒழுகும், தலையணையெல்லாம் நனைஞ்சிடும். அக்கா கோட்டுக்கு உள்ளே வைக்கிற வழவழப்புத் துணியில மிச்சம் விழுந்ததை ஒட்டுப் போட்டு எனக்கு உறை தைச்சுக் குடுத்திருக்கா. இந்த ஊர்லயே கோட்டுத் துணியில தலை வச்சுப் படுக்கிற சீமான் நான் ஒருத்தன்தான்.

பசியைப் பத்திச் சொல்லவே வேண்டாம். சாப்பிட்டு எந்திரிச்சு கை கழுவுறதுக்குள்ள வயிறு மறுபடி கதவைத் தட்டும். "இப்பதானே சாப்பிட்டே"ன்னு அதட்டினா கேக்காது. நான் அடுக்களைக்குள்ள போனா மாமா எந்திரிச்சு தன் பங்கை எடுத்து மறைச்சு வச்சுக்குவார்.

எல்லாத்தையும் விட என்னைப் பயமுறுத்தினது கை நடுக்கம்தான். ஏன்னா நான் துணி வெட்டுறவன்.

எங்க கடை கீழே, வீடு மேலே. நடுவுல ஒரு மரப்படி, நான் இறங்கினா இப்பல்லாம் ரொம்பவே சத்தம் போடும், பழசாயிடுச்சுன்னு நெனச்சுக்குவேன். கடையில ஜன்னலோரம் மாமாவோட மிஷின். அக்கா ஆளுங்களை அளவெடுப்பா, ஓரம் தைப்பா, இஸ்திரி போடுவா, கோபக்கார வாடிக்கைக்காரங்களைச் சமாளிப்பா. நடு ரூம்ல இருக்கிற பெரிய மேஜை என்னோடது. துணியை விரிச்சு, சாக்பீஸ் கோடு போட்டு, கத்திரியை வச்சு ஒரே மூச்சுல ஓட்டணும். துணி வெட்டுறதுல திருத்தம் கிடையாது. வெட்டினது வெட்டினதுதான். கோடு நேரா விழுந்து, கத்திரி அது மேலயே ஓடுறப்ப வர்ற சத்தம் இருக்கே, அதுக்காக நான் எந்த மாத்திரையும் முழுங்குவேன்.

ஆரம்பத்துல ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப மாத்திரை அளவு கூட. அப்ப நான் கோடு போட்டா அது எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். அக்கா ஒண்ணும் சொல்லாம என் கையில இருந்து கத்திரியை வாங்கி ஆணியில மாட்டிட்டு, ஒரு மூட்டை சட்டையைக் குடுத்து காஜா எடுக்கச் சொன்னா. காஜான்னா பட்டன் நுழையிற ஓட்டை. அதைச் சுத்தி நூல் ஓட்டி ஓட்டி, மாசக்கணக்கா நான் மேஜையைத் தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமா அளவைக் குறைச்சு, கை நின்னதும்தான் கத்திரி திரும்பக் கிடைச்சுது. அன்னிக்கு நான் வெட்டினது ஒரு சாதாரண தலையணை உறை. மாமா அதை எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சார்.

அந்த ஆஸ்பத்திரிக் கதையையும் சொல்லிடுறேன், அது தெரியலேன்னா மிச்சம் புரியாது. அதுக்கு முன்னாடியும் நான் மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாள் பேன்ட் பட்டன் பூட்டல. மூச்சைப் பிடிச்சுப் பாத்தேன், படுத்துக்கிட்டுப் பாத்தேன், பூட்டல. எனக்கு அப்ப வந்த ஆத்திரத்துல மாத்திரை டப்பாவையே சாக்கடையில கவுத்துட்டேன். கொஞ்ச நாள் ராஜா மாதிரி இருந்துச்சு. உடம்பு இளைச்சுது, காலையில தானா முழிப்பு வந்துச்சு. அப்புறம் அளவெடுக்கிற டேப்புல இருந்த நம்பரெல்லாம் மாற ஆரம்பிச்சுது. நான் தூங்குற நேரம் பாத்து வீட்ல யாரோ வந்து, என் டேப்புல நம்பரை அழிச்சு வேற எழுதுறாங்க, என்னைக் கெட்ட பேர் எடுக்க வைக்கப் பாக்குறாங்க. இப்பச் சொன்னா சிரிப்பு வருது. அப்ப அது எனக்குப் பகல் வெளிச்சம் மாதிரி உண்மை. கடையில இருந்த டேப்பையெல்லாம் துண்டு துண்டா நறுக்கிட்டு, ஒருத்தரோட கோட்டைக் கண் அளவுலயே வெட்டினேன். அந்த மனுசன் அதைப் போட்டுக்கிட்டு நின்னப்ப ரெண்டு தோளும் ரெண்டு ஊருக்குப் போற மாதிரி இருந்துச்சு. அக்காவைப் பாத்து "நீதானே மாத்துறே"ன்னு கேட்டேன். அவ முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கல.

ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புறப்ப டாக்டரம்மா என்கிட்ட ஒரு வாக்கு வாங்கினாங்க. "வீட்ல இருக்கிறவங்க உங்களுக்குத் தெரியாம எதையோ மாத்துறாங்கன்னு எப்பத் தோணினாலும், எவ்வளவு சின்ன விஷயமா இருந்தாலும், மனசுக்குள்ள வச்சுப் புழுங்கக் கூடாது. நேரா என்கிட்ட வரணும். அதுதான் திரும்ப வர்றதுக்கு முதல் அடையாளம்." நான் சரின்னு தலையாட்டினேன்.

அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல. ஒழுங்கா மாத்திரை, ஒழுங்கா டாக்டர். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா கேப்பாங்க, "எடை எப்பிடி? இந்த மாத்திரைக்கு இடுப்பு பெருக்குமே?"

"முப்பத்திரண்டு" அப்பிடின்னு நான் நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன். "மாறவே இல்ல டாக்டர்."

"நிஜமாவா?"

"இந்தப் பேன்ட் நானே வெட்டினது. முப்பத்திரண்டுக்கு வெட்டினது. இன்னிக்கும் பட்டன் வெண்ணெய் மாதிரி விழுது."

டாக்டரம்மா சிரிச்சுடுவாங்க. "தையல்காரர்கிட்டப் போய் நான் டேப்பை நீட்டினா நல்லாவா இருக்கும்?" எடை போடுற மிஷின் வேற நர்ஸ் ரூம்ல, அதுக்கு முன்னாடி எப்பவும் கூட்டம். என் இடுப்பை நம்பி அந்தக் கூட்டத்துல நிக்காமயே நாங்க வீட்டுக்கு வந்துடுவோம். அக்கா பக்கத்துல உக்காந்து கைப்பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருப்பா.

எனக்கு இதுல பெருமைன்னா பெருமை. வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் இதே மாத்திரை போட்டு ஊதிப் போயிருப்பாங்க. பாவமா இருக்கும். ஒரு தடவை பக்கத்துல இருந்தவருக்கு புத்திமதியே சொன்னேன். "வாயைக் கட்டணும் சார். என்னைப் பாருங்க." அவர் என்னைப் பாத்தார். மேலயும் கீழயும் ரொம்ப நேரம் பாத்தார். அப்ப எனக்குப் புரியல, பொறாமைன்னு நெனச்சுக்கிட்டேன்.

நீங்க கேப்பீங்க, உனக்குக் கண்ணாடி இல்லையான்னு. கடையில ஆள் உயரத்துக்குக் கண்ணாடி இருக்கு. ஆனா நான் அதுல பாக்கிறது அடுத்தவன் முதுகை. என் முகம் கொஞ்சம் பூசினாப்ல தெரிஞ்சா, தூங்கி எந்திரிச்ச வீக்கம்னு விட்டுடுவேன். சட்டையைத் தொளதொளன்னு தைச்சுக் குடுத்துட்டு அக்கா "இப்ப இதுதான் ஸ்டைல்"னு சொல்லுவா. டேப்பை எடுத்து அளந்தா என்னன்னு கேட்டா, தையல்காரன் தன்னை அளக்கிறதில்ல. தன் அளவு தனக்குத் தெரியும்ங்கிற திமிரு.

அன்னிக்கு மத்தியானம் அக்காவும் மாமாவும் நூல் வாங்கப் போயிருந்தாங்க. மேஜைக்கு அடியில சாக்பீஸ் உருண்டு போச்சுன்னு குனிஞ்சேன். டர்ர்னு ஒரு சத்தம். பின்பக்கம் காத்து வாங்குது.

கதவைச் சாத்திட்டு, யாரோ குடுத்துட்டுப் போன திரைச்சீலைத் துணியை இடுப்புல சுத்திக்கிட்டு, பேன்ட்டை மடியில போட்டு உக்காந்தேன். பின்னாடி நடுத் தையல்தான் விட்டிருந்துச்சு. அந்த இடத்துல உள்ளுக்கு ரெண்டு விரல் துணி அதிகமா மடிச்சு விடுறது எங்க வழக்கம். பின்னாடி ஆள் பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம். அதைத் திறந்து பாத்தேன்.

ஒரு வரிசை ஊசித் துளை. அது நான் முதல்ல வெட்டினப்ப போட்ட தையல். அதைப் பிரிச்சிருக்கு. அதுக்கு இந்தப் பக்கம் இன்னொரு வரிசை, அதையும் பிரிச்சிருக்கு. அதுக்கும் இந்தப் பக்கம் இன்னொண்ணு. உள்ளே மடிஞ்சிருந்த துணி வெயில் படாம புதுசு மாதிரி கருப்பா இருந்துச்சு, வெளியில இருந்தது வெளுத்திருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா வெளிய விட்டுக்கிட்டே வந்திருக்கு. கடைசியில விடுறதுக்குத் துணி தீந்து போய், அதே நிறத்துல ஒரு முக்கோணத் துண்டை வச்சுத் தைச்சிருக்கு. நம்ம பின்பக்கம் நமக்குத் தெரியாதுல்ல, வசதியாப் போச்சு.

தையல் முடியிற இடத்தைப் பாத்தேன். திரும்பத் திரும்பப் பின்னாடி ஓட்டி முடிச்சுப் போட்டிருந்துச்சு. அப்பிடி முடிக்கிற ஆள் இந்த வீட்ல ஒருத்திதான்.

அப்ப என் தலைக்குள்ள ஒரு வாக்கியம் வந்துச்சு. 'வீட்ல யாரோ எனக்குத் தெரியாம என் பேன்ட்டை மாத்துறாங்க.'

அதே வாக்கியம். டேப்புக்குப் பதிலா பேன்ட், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலே ஓடினேன். அலமாரியில இருந்த பேன்ட்டையெல்லாம் எடுத்து உள்பக்கம் திருப்பினேன். ஒண்ணு விடாம எல்லாத்துலயும் அதே துளை வரிசை. ஒண்ணுல மட்டும் இருந்திருந்தா மனசு ஆறியிருக்கும். எல்லாத்துலயும் அடையாளம் தெரியிறதுதான் அந்த நோயோட லட்சணம். போன தடவை எனக்கு டேப்புல தெரிஞ்சுது, சுவத்துல தெரிஞ்சுது, பக்கத்து வீட்டுக் கொடியில காயிற துணியில கூடத் தெரிஞ்சுது.

கீழே வந்து டேப்பை எடுத்து இடுப்பைச் சுத்தினேன். முப்பத்தேழு. எடுத்துட்டுத் திரும்பச் சுத்தினேன். முப்பத்தேழு. 'நம்பரை மாத்திட்டாங்க'ன்னு மனசு தானாச் சொல்லிச்சு. நான் டேப்பைக் கீழே போட்டுட்டு சுவத்தோட ஒட்டி உக்காந்துட்டேன். இடுப்பு பெருத்திருக்கலாம்னு ஒரு நிமிசம் தோணத்தான் செஞ்சுது. ஆனா முன்னாடி ஒரு தடவை என் கண்ணே என்னை முழுசா ஏமாத்தியிருக்கு. அது காட்டுறதை வச்சு நான் எப்பிடித் தீர்ப்பு சொல்றது? வேற ஒருத்தர் சொன்னாத்தான் உண்டு.

பேன்ட்டைத் தைச்சுப் போட்டுக்கிட்டு காத்திருந்தேன். அவங்க வந்து, மாமா மிஷின்ல உக்காந்ததும், சாதாரணமாக் கேக்கிற மாதிரி கேட்டேன்.

"மாமா, என் பேன்ட்டை வீட்ல யாராச்சும் பிரிச்சுத் தைக்கிறீங்களா?"

மாமா கையில இருந்த நூல்கண்டு விழுந்து ரூம் முழுக்க ஓடுச்சு. "பே... பேன்ட்டா? எந்தப் பேன்ட் மாப்ள? நானா? பேன்ட்டையா?" அப்பிடின்னு மென்னு முழுங்கிட்டு, "இதோ வந்துடுறேன்"னு மேலே கம்பி நீட்டிட்டார். நான் கேட்ட கேள்விக்கே மனுசன் பயந்துட்டார்னு எனக்குத் தோணிச்சு. போன தடவையும் இப்பிடித்தான் பயந்தார்.

கொஞ்ச நேரத்துல அக்கா இறங்கி வந்தா. ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே, என் முகத்தைக் கூர்ந்து பாத்தா.

"என்னடா கேட்டே மாமாகிட்ட?"

"என் பேன்ட்டை யாரோ பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிற மாதிரி இருக்கு, அக்கா."

"உன் பேன்ட்டை யாருடா தொடப் போறா? அவனவன் பேன்ட்டைத் தைக்கவே நேரம் இல்ல. போய் வேலையைப் பாரு தம்பி." குரல் ஆடல, முகம் மாறல. தலையில கை வச்சு முடியைக் கூடக் கோதிவிட்டா.

அப்ப நோய்தான். முடிஞ்சுது.

அன்னிக்குச் சாயந்திரம் ஒரு பேன்ட் வெட்ட வேண்டியிருந்துச்சு. கோடு போட்டேன், நேரா விழுந்துச்சு. கத்திரி வச்சேன், அது மேலயே ஓடுச்சு. கையைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தேன், துளி நடுக்கம் இல்ல. டாக்டரம்மாகிட்டச் சொன்னா மாத்திரையைக் கூட்டுவாங்க. கூட்டினா இந்தக் கை போயிடும். சொல்லாம விட்டா? யாருக்குத் தெரியப் போகுது? பேசாம வாயை மூடிக்கிட்டு வெட்டிக்கிட்டே இருக்கலாம். எவ்வளவு நாளைக்கு? மறுபடி ஒரு நாள் அக்காவைப் பாத்து "நீதானே"ன்னு கேக்கிற வரைக்கும்.

அந்த முகத்தை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்ல. கத்திரியை நானே எடுத்து ஆணியில மாட்டினேன். அழுகை வந்துச்சு, அழுதேன், யாரும் பாக்கல.

மறுநாள் காலையில என்னை யாரும் எழுப்பல. நானே எந்திரிச்சு, குளிச்சு, கிளம்பி நின்னேன்.

"அக்கா, டாக்டர்கிட்டப் போகணும்."

"அதுக்கு இன்னும் நாள் இருக்கே?"

"இல்ல அக்கா. இன்னிக்கே."

அவ முகம் வெளுத்துப் போச்சு. மாமா படியில நின்னுக்கிட்டு அவளையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தார். "சொல்லிடு"ன்னு அவளைப் பாத்து முணுமுணுத்த மாதிரி இருந்துச்சு. "நீங்க சும்மா இருங்க"ன்னு அவ அதட்டினா. என்னைப் பத்தி ஏதோ பேசிக்கிறாங்க, பேசட்டும்னு விட்டுட்டேன். வழி நெடுக அக்கா கைப்பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கிட்டே வந்தா.

டாக்டரம்மா ரூம்ல மேஜை, ரெண்டு நாற்காலி, ஜன்னல்ல ஒரு செடி. நான் உக்காந்ததும் மூச்சு விடாம ஆரம்பிச்சேன், இல்லேன்னா பாதியில நின்னுடும்.

"டாக்டர், நீங்க சொன்னது வந்துடுச்சு. வீட்ல என் பேன்ட்டையெல்லாம் எனக்குத் தெரியாம பிரிச்சுத் தைக்கிறாங்கன்னு தோணுது. எல்லாப் பேன்ட்லயும் துளை தெரியுது. யார் கைன்னு கூடத் தெரியுது. டேப்புல நம்பர் மாறித் தெரியுது. வீட்ல கேட்டேன், அப்பிடி ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்க."

டாக்டரம்மா முன்னால சாஞ்சாங்க. சிரிப்பு இல்ல. "எப்ப இருந்து?"

"நேத்துல இருந்து."

"குரல் ஏதாவது கேக்குதா?"

"இல்ல."

"மாத்திரை விட்டீங்களா?"

"ஒரு நாள் கூட விடல."

"எதுக்காக அப்பிடிப் பண்றாங்கன்னு நெனக்கிறீங்க?"

"அதான் டாக்டர் தெரியல. போன தடவை காரணம் இருந்துச்சு, என்னை ஒழிச்சுக் கட்ட. இந்தத் தடவை எவ்வளவு யோசிச்சும் காரணமே கிடைக்கல. எவனாவது ஒருத்தனோட பேன்ட்டை வசதியா ஆக்கி அவனை ஒழிப்பானா?"

டாக்டரம்மா பேனாவை எடுத்தாங்க. "சீக்கிரம் வந்தது ரொம்ப நல்லது. ராத்திரி மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிப் பாப்போம். கை நடுங்கலாம், உங்களுக்கே தெரியும்."

"தெரியும். கூட்டுங்க."

"வேலை?"

"காஜா எடுத்துக்குவேன். பழக்கம்தான்."

சொல்றப்ப என் குரல் நல்லாத்தான் இருந்துச்சு. கையை மட்டும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டேன். டாக்டரம்மா எழுத ஆரம்பிச்சாங்க.

"வேண்டாம்!"

அக்கா. நாற்காலியில இருந்து எந்திரிச்சே நின்னுட்டா. கைப்பை கீழே விழுந்து, சாவி, சில்லறை, ஊசி டப்பா எல்லாம் சிதறிப் போச்சு.

"எழுதாதீங்க டாக்டர். அவன் சொல்றது நெஜம். நான்தான் பிரிச்சுத் தைச்சேன். எல்லாப் பேன்ட்டையும் நான்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடாம அப்பிடியே பிடிச்சிருந்தாங்க.

"அவன் குண்டாயிட்டே போறான் டாக்டர். போன தடவை பேன்ட் பூட்டலேன்னுதான் மாத்திரையைச் சாக்கடையில கொட்டினான். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பேன்ட் இறுகினாத்தானே மாத்திரையை விடுவான், இறுகவே விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். துவைக்கப் போடுற பேன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே வந்தேன். நேத்துக் கேட்டான். உண்மையைச் சொன்னா மறுபடி கொட்டிடுவான்னு பயந்து இல்லேன்னு சொல்லிட்டேன். நோய்னு நெனச்சுக்குவான்னு எனக்குத் தோணவே இல்ல. நான் நல்லா இருக்கிறவனைப் பாத்து..." அதுக்கு மேல அவளால முடியல.

நான் அவளைப் பாத்தேன். கோபம் வரணும்னு எதிர்பாத்தேன். நேத்து மத்தியானத்துல இருந்து என் நெஞ்சு மேல ஏறி உக்காந்திருந்த ஒண்ணு எந்திரிச்சுப் போறது மட்டும்தான் தெரிஞ்சுது.

"அந்த முக்கோணத் துண்டு?" அப்பிடின்னு கேட்டேன்.

மூக்கை உறிஞ்சினா. "அது மாமா வச்சது."

"அதானே பாத்தேன். கோணலா இருந்துச்சு. நீ வச்சிருந்தா அப்பிடி வருமா?"

சொல்லி முடிக்கிறதுக்குள்ள சிரிப்பு வந்துடுச்சு. அடக்க முடியல. வயிறு குலுங்குது, குலுங்கிறதுக்கு இவ்வளவு வயிறு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது, அதை நெனச்சு இன்னும் சிரிப்பு. நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பாத்துட்டு, டாக்டரம்மா கை காட்டினதும் போயிட்டாங்க.

"உங்களுக்குக் கோபம் இல்லையா?" அப்பிடின்னு டாக்டரம்மா கேட்டாங்க.

"எதுக்குக் கோபம் டாக்டர்? வாழ்க்கையில இத்தனை தடவை சந்தேகப்பட்டிருக்கேன். ஒரு தடவையாச்சும் அது நெஜமா இருந்திருக்கா? இதுதான் முதல் தடவை. என் புத்தி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஊசித் துளையைப் பாத்து, கையைக் கண்டுபிடிச்சு, எல்லாம் சரி. நோய் வரல டாக்டர், தொப்பைதான் வந்திருக்கு!"

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துச்சு, ஆனா அக்கா பக்கம் திரும்பினப்ப அது போயிடுச்சு. "இடுப்பு மாறலேன்னு இவர் சொன்னதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். அளக்காம விட்டது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா சர்க்கரை ஏறியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எனக்குப் பாவமா இருந்துச்சு. எப்பவும் நான்தான் அந்த நாற்காலியில திட்டு வாங்குறவன்.

நர்ஸ் ரூம் கூட்டத்துல நானும் நின்னேன். மிஷின்ல ஏறினேன். நர்ஸ் நம்பரைப் படிச்சுட்டு என்னைப் பாத்தாங்க. "சந்தோசமா இருக்கீங்களே?" அப்பிடின்னாங்க. "ரொம்ப"ன்னேன். ரத்தம் எடுத்தாங்க. சர்க்கரை எல்லைக் கோட்டுல நிக்குது, இன்னும் தாண்டலேன்னு சொன்னாங்க. டாக்டரம்மா திரும்பக் கூப்பிட்டு, உடம்பை இவ்வளவு ஏத்தாத வேற மாத்திரை இருக்கு, இதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டலாம், அது ஒத்துக்குதான்னு அடிக்கடி வந்து காட்டணும், நீங்களா எதையும் நிறுத்தக் கூடாதுன்னாங்க. கத்திரியைப் பத்திக் கேட்டேன். "வெட்டுங்க"ன்னாங்க.

வெளியில வந்தோம். நீளமான நடை, சுவரோரமா பெஞ்சு. அக்கா எனக்கு ரெண்டு அடி பின்னாடியே வந்தா. திரும்பிப் பாத்தா நின்னுட்டா.

"இப்ப உனக்குத் தெரிஞ்சு போச்சு"ன்னா. "எவ்வளவு எடைன்னும் தெரிஞ்சு போச்சு. நெஜமாச் சொல்லு, மாத்திரையை விட்டுடுவியா?"

"அக்கா, நோய் திரும்பிடுச்சுன்னு நான் நெனச்சப்ப என்ன பண்ணினேன்?"

அவ கைப்பையை மார்போட அணைச்சுக்கிட்டா.

"ஓடி ஒளிஞ்சேனா? டப்பாவைக் கவுத்தேனா? உன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இங்கதானே வந்தேன்? இன்னும் கூட்டுங்கன்னுதானே கேட்டேன்?"

அக்கா அப்பிடியே பெஞ்சுல உக்காந்துட்டா. முகத்தைப் பொத்திக்கிட்டு சத்தமாவே அழுதா. போறவங்க வர்றவங்க எல்லாரும் அவதான் நோயாளின்னு நெனச்சு வழி விட்டாங்க, ஒரு அம்மா தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. நான் அவ பக்கத்துல உக்காந்து, இத்தனை வருசமா அவ என் முதுகுல எப்பிடித் தட்டினாளோ அப்பிடியே தட்டிக் குடுத்தேன்.

"ஆமா, கேட்டே"ன்னா கடைசியில. "காஜா எடுத்துக்கிறேன்னு சொன்னியேடா. நான் உன்னைக் குழந்தைன்னு நெனச்சுட்டேனே."

"சரி, அழாதே. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்"னு சொல்லிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அழுதா.